டிஸ்பேஸ் களஞ்சியத்துக்குப் புது வாசல்கள்: ஒப்படைப்புக் கருவிகளும் இணைய இணைப்புகளும் அமைப்பது எப்படி?

ஒரு கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ, கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் இணையத்தில் சேமித்து வைக்கும் டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளை நிறுவிவிட்டது. முகப்பில் நிறுவனத்தின் சின்னம் வந்துவிட்டது, சில நூறு கட்டுரைகளும் ஏறிவிட்டன. அப்புறம் வேகம் குறைகிறது. பேராசிரியர்கள் பிடிஎஃப் கோப்பை நூலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். நூலகத்தில் ஒருவர் அதை இறக்கி, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஏற்றுகிறார். அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் கோப்புகள் மின்னஞ்சலிலேயே தங்கிவிடுகின்றன. ஏற்கெனவே ஏறியவையும் துறையின் இணையதளத்தில் தெரிவதில்லை, கூகுள் ஸ்காலரிலும் கிடைப்பதில்லை.

இந்த நிலையில் இருக்கும் நூலகர்களுக்கும், அவர்களுக்கு உதவ வந்திருக்கும் இளம் நிரலாளர்களுக்கும் இந்த வழிகாட்டி. ஆவணங்கள் உள்ளே வருவதற்கு எளிய வாசல்களையும், உள்ளே இருப்பவை வெளியே தெரிவதற்கான இணைப்புகளையும் எந்த வரிசையில் அமைப்பது என்று பார்ப்போம். டிஸ்பேஸின் 7ஆம் பதிப்பையும் அதற்குப் பிந்தியவற்றையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லினக்ஸ் கட்டளை வரியில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும்.

கருவைத் தொடாதீர்கள்

டிஸ்பேஸ், எம்ஐடி நூலகங்களும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002 நவம்பரில் வெளியிட்ட மென்பொருள். திறந்த மூல நிரல் என்பதால் யாரும் திருத்தலாம். அதனாலேயே பலர் முதல் வேலையாக உள் நிரலைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம்.

2021 ஆகஸ்டில் 7ஆம் பதிப்பு வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். அதுவரை இருந்த ஜேஎஸ்பியுஐ, எக்ஸ்எம்எல்யுஐ ஆகிய இரண்டு முகப்புகளும் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் ஆங்குலரில் எழுதிய ஒரே முகப்பும், வெளி நிரல்கள் டிஸ்பேஸோடு பேசுவதற்கான ரெஸ்ட் ஏபிஐ என்ற புதிய வழியும் வந்தன. பழைய முகப்புக்குள் தங்களுக்கென்று பொத்தான்களும் படிவங்களும் எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அதே சமயம், ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற பொது நெறிமுறை வழியாகப் பதிவுகளை எடுத்துக்கொண்டிருந்த வெளி அமைப்புகளுக்கு முகவரியை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். எந்தக் கருவியைச் சேர்த்தாலும் வெளியிலிருந்து, எல்லோருக்கும் பொதுவான நெறிமுறை வழியாகச் சேருங்கள். அமைப்புகளை எல்லாம் லோக்கல் டாட் சிஎஃப்ஜி என்ற ஒரே கோப்பில் வையுங்கள். மற்ற அமைப்புக் கோப்புகளில் உள்ளதை இது மேலெழுதிவிடும். பதிப்பு மாறும்போது இந்த ஒரு கோப்பை எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன்

முதலில் ஒரு சோதனை சர்வர் வேண்டும். டாக்கர் தெரிந்தால் சொந்தக் கணினியிலேயே ஒரு டிஸ்பேஸை ஓட்டலாம். அதுவும் முடியாதவர்கள் டிஸ்பேஸ் சமூகம் நடத்தும் பொது டெமோ தளத்தில் பழகலாம். அதில் ஏற்றுவது அவ்வப்போது அழிக்கப்படும், அதனால் பயமில்லாமல் முயன்று பார்க்கலாம்.

அடுத்து, ஹேண்டில் முன்னொட்டு. ஒவ்வொரு ஆவணத்துக்கும் டிஸ்பேஸ் ஒரு நிலையான அடையாளம் கொடுக்கும். ஹேண்டில் என்பது அதுதான். அதன் முன்பாதி உங்கள் நிறுவனத்துக்கே உரிய எண்ணாக இருக்க வேண்டும். உதாரணமாக, இன்ஃப்லிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தின் முன்னொட்டு 10603. டிஸ்பேஸை நிறுவியவுடன் அதில் இருப்பது 123456789 என்ற மாதிரி எண். இந்த எண்ணோடே ஆண்டுக்கணக்காக ஓடும் களஞ்சியங்கள் நிறைய உண்டு. உலகத்தில் பலருக்கும் அதே எண் என்பதால் அந்த அடையாளம் உங்கள் தளத்துக்கு வெளியே எதையும் சுட்டாது. வெளி அமைப்புகளோடு இணைப்பதற்கு முன்பே சொந்த முன்னொட்டைப் பதிவு செய்து மாற்றிவிடுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு. அதை நூலக நிதியில் நிலையான செலவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவணங்கள் ஏறிய பிறகு மாற்றினால், அதற்குள் யாராவது மேற்கோள் காட்டிய சுட்டிகள் எல்லாம் உடையும்.

மூன்றாவது, ஹெச்டிடிபிஎஸ். கீழே வரும் கருவிகள் கடவுச்சொல்லை வலை வழியே அனுப்புகின்றன. பூட்டு இல்லாத தளத்தில் அவற்றைத் திறக்கவே கூடாது. லோக்கல் டாட் சிஎஃப்ஜியில் சர்வர் முகவரி, முகப்பு முகவரி என்று இரண்டு வரிகள் இருக்கும். உலாவியில் தெரியும் முகவரியும் இவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். உள்நுழைய முடியவில்லை, பக்கம் வெறுமையாக வருகிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

யார் கொண்டுவருகிறார்கள்?

கருவியைத் தேர்வு செய்வதற்கு முன், ஆவணங்கள் யாரிடமிருந்து எப்படி வருகின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆய்வேடு ஒப்படைக்கும் மாணவருக்குத் தேவை ஒரு நல்ல படிவம். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் நூலகத்துக்குத் தேவை மொத்த ஏற்றம். கல்லூரி நடத்தும் ஆய்விதழ் ஓஜேஎஸ் மென்பொருளில் ஓடுகிறதென்றால், கட்டுரை வெளியானதும் அதுவே களஞ்சியத்தின் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு ஸ்வோர்ட் என்ற ஒப்படைப்பு நெறிமுறை. இந்த மூன்றுக்கும் ஒரே கருவியைப் போட நினைப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

படிவத்தைச் சுருக்குங்கள்

நிரலே எழுதாமல் அதிகப் பலன் தரும் வேலை இது. டிஸ்பேஸோடு வரும் ஒப்படைப்புப் படிவம் எல்லா வகை ஆவணத்துக்கும் பொதுவானது. மாணவர் அதைப் பார்த்து மலைத்துப் போகிறார். இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளில் இதை மாற்றலாம். ஒன்று, எந்தத் தொகுப்புக்கு எந்தெந்தப் படிகள் என்று சொல்வது. மற்றது, ஒவ்வொரு படியிலும் எந்தப் புலங்கள் என்று சொல்வது. ஆய்வேட்டுத் தொகுப்புக்குத் தலைப்பு, ஆசிரியர், நெறியாளர், துறை, ஆண்டு, சுருக்கம், குறிச்சொற்கள் போதும். வெளியீட்டாளர் பெயரைப் போல மாறாத விவரங்களை மாணவரிடம் கேட்கவே வேண்டாம், தொகுப்பின் வார்ப்புருவில் ஒருமுறை எழுதிவிடலாம்.

ஆசிரியர் பெயர்ப் புலத்தில் ஒரு கவனம் தேவை. டிஸ்பேஸின் பெயர் வகைப் புலம் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் காட்டும். முன்னெழுத்தோடு எழுதும் தமிழ்ப் பெயரை அதில் போடச் சொன்னால் ஒருவர் முன்னெழுத்தை முதல் பெட்டியில் போடுவார், இன்னொருவர் இரண்டாவதில் போடுவார், மூன்றாமவர் தந்தை பெயரை விரித்து எழுதுவார். ஒரே ஆசிரியர் மூன்று பேராகப் பட்டியலில் நிற்பார். அந்தப் புலத்தை ஒற்றைப் பெட்டியாக மாற்றி, கீழே உதவி வரியில் ஒரு மாதிரிப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

பேராசிரியர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. கட்டுரைக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருந்தால், கிராஸ்ரெஃப், பப்மெட், ஆர்க்கைவ் போன்ற வெளி மூலங்களிலிருந்து விவரங்களைத் தானாகவே நிரப்பும் வழி டிஸ்பேஸிலேயே இருக்கிறது. பிப்டெக்ஸ் அல்லது ஆர்ஐஎஸ் வகை மேற்கோள் கோப்பை இழுத்துப் போட்டாலும் படிவம் நிரம்பும். இது பலருக்குத் தெரிவதே இல்லை. அரைமணி நேரம் உட்கார வைத்துக் காட்டிவிட்டால் மின்னஞ்சலில் கோப்பு அனுப்பும் பழக்கம் கணிசமாகக் குறையும்.

படிவம் தயாரானதும் சரிபார்ப்புக் குழுவை அமையுங்கள். தொகுப்பின் பணிப்பாய்வில் ஒரு குழுவிலும் ஆள் இல்லையென்றால், ஒப்படைத்தது நேராகக் காட்சிக்குப் போய்விடும். குறைந்தது ஒரு நூலகராவது அந்தக் குழுவில் இருக்கட்டும். இனி வரும் ஸ்வோர்ட், ரெஸ்ட் வாசல்களில் வருபவையும் இதே குழுவைக் கடந்துதான் போக வேண்டும். வாசல்கள் எத்தனை இருந்தாலும் சரிபார்க்கும் இடம் ஒன்றாக இருப்பது நல்லது.

மொத்தமாக ஏற்றுவது

ஸ்கேன் செய்த இதழ்கள், பழைய மலர்கள், ஆண்டறிக்கைகள் போன்றவற்றுக்கு எளிய ஆவண வடிவம் என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு உறை, அதாவது ஃபோல்டர். அதற்குள் தலைப்பு, ஆசிரியர் போன்றவற்றை டப்ளின் கோர் என்ற பொது முறையில் சொல்லும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, உறையில் என்னென்ன கோப்புகள் என்று வரிக்கு ஒன்றாகச் சொல்லும் கன்டென்ட்ஸ் என்ற உரைக் கோப்பு, பிறகு பிடிஎஃப் கோப்பு. இவ்வளவுதான்.

இந்த உறைகளைக் கையால் செய்ய வேண்டாம். விவரங்களை விரிதாளில் அடியுங்கள், ஒரு வரி ஒரு ஆவணம். ஒரு சிறிய பைத்தான் நிரல் ஒவ்வொரு வரியையும் படித்து உறைகளைச் செய்துவிடும். பைத்தான் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு மாணவரே இதை எழுதலாம்.

ஏற்றும்போது முதலில் சோதனை ஓட்டத்துக்கான விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஒன்றும் ஏறாது, பிழை இருந்தால் சொல்லும். பிறகு பத்து உறைகளை மட்டும் ஏற்றி முகப்பில் பாருங்கள். அதன் பிறகு மொத்தமும். ஏற்றம் முடிந்ததும் மேப்ஃபைல் என்ற கோப்பு உருவாகும். எந்த உறை எந்த ஹேண்டிலாக ஆனது என்ற பட்டியல் அதில் இருக்கும். இந்தக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். ஏற்றம் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரவும், தவறாக ஏற்றியதை மொத்தமாகத் திரும்ப எடுக்கவும் அதுதான் சாவி. அது தொலைந்தால் ஆயிரம் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி நீக்க வேண்டிவரும். மேப்ஃபைலின் பெயரில் தேதியையும் தொகுப்பின் பெயரையும் சேர்த்து, காப்புப் பிரதியோடு சேமிப்பது என் வழக்கம்.

பொதுப் பார்வைக்கு வரக்கூடாத ஆவணங்கள் இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே அந்தத் தொகுப்பின் இயல்பு வாசிப்பு உரிமையைக் கட்டுப்படுத்திவிடுங்கள். புதிதாக ஏறுபவை அந்த உரிமையை எடுத்துக்கொள்ளும். ஏற்றிய பிறகு பூட்டுவதற்குள் தேடுபொறி ஒன்று வந்து எடுத்துப் போயிருக்கலாம்.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியவை

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் தமிழ் ஆவணங்களை ஏற்றுபவர்களுக்கு இதுதான் அதிகத் தலைவலி தரும் இடம்.

முதலில், பழைய எழுத்துரு குறியாக்கங்கள். பாமினி, டிஸ்கி போன்றவற்றில் அடித்த பட்டியல்கள் இன்னும் பல நூலகங்களில் இருக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே விரிதாளில் சேர்க்க வேண்டும். மாற்றிய பிறகு நூறு வரிகளையாவது கண்ணால் படியுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருந்தால் கருவி சொல்லாது, கண்தான் சொல்லும்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமமாகவே வைத்திருக்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும், பைத்தானில் அது ஒரே வரி வேலை. ஆனால் ஔகாரத்தில் இந்த மருந்து வேலை செய்யாது. பௌத்தம் என்று சரியாக அடித்ததையும், கொம்புக்குப் பிறகு ளகர எழுத்தைப் போட்டு பெளத்தம் என்று அடித்ததையும் திரையில் பிரித்துப் பார்ப்பது கடினம். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் தரத்தின்படி ளகரம் ஒரு தனி எழுத்து. பொருள் தலைப்புப் பட்டியலில் பௌத்தம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒன்றைச் சொடுக்கிய வாசகருக்கு மற்றதன் கீழ் உள்ள நூல்கள் தெரியாது. சௌந்தரம், கௌதமன் போன்ற பெயர்களிலும் இதே சிக்கல்தான். ஔகாரம் வரும் சொற்களை மட்டும் தனியாக எடுத்து ஒருவர் பார்த்துவிட வேண்டும். கெளுத்தி, வெளவால் என்று ளகரம் தென்படும் இடமெல்லாம் ஒரே மாதிரி மாற்றிவிட முடியாது. முதலாவதில் ளகரம் உண்மையான எழுத்து, இரண்டாவதில் பிழை.

மூன்றாவது, எக்செல். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடலாம். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற வகையைத் தேர்வு செய்யுங்கள், அல்லது லிப்ரே ஆஃபீஸில் திறந்து குறியாக்கத்தை நீங்களே சொல்லுங்கள். டிஸ்பேஸிலிருந்து விவரங்களைச் சிஎஸ்வியாக இறக்கித் திருத்தி மறுபடி ஏற்றும் வசதி மிகவும் பயனுள்ளது. அதனாலேயே ஆபத்தானதும்கூட. திருத்துவதற்கு முன் இறக்கிய மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் வைத்திருங்கள்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்க ஆசை வரும். ஜிப் செய்து வேறு கணினியில் விரிக்கும்போது அவை குலைந்து போவதுண்டு. கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கீழ்க்கோடும் மட்டும் இருக்கட்டும். தமிழ்த் தலைப்பை மெட்டாடேட்டாவில், அதாவது ஆவண விவரங்களில், முழுமையாகக் கொடுங்கள், மொழிக் குறியும் சேருங்கள்.

ஸ்வோர்ட்: வெளியிலிருந்து ஒப்படைக்க ஒரு பொது நெறிமுறை

ஸ்வோர்ட் 2007இல் பிரிட்டனில் ஜிஸ்க் என்ற அமைப்பின் நிதியுதவியோடு தொடங்கியது. ஒரு மென்பொருள் இன்னொரு களஞ்சியத்தில் ஆவணத்தை ஒப்படைக்க எல்லோரும் ஏற்கும் வழி வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆட்டம் (Atom) என்ற பதிப்பு நெறிமுறையின் மேல் கட்டியது. டிஸ்பேஸுக்கு மட்டும் உரியது அல்ல, சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஈபிரிண்ட்ஸ் என்ற களஞ்சிய மென்பொருளும் அதைப் பேசும். அதனால் நாளை களஞ்சிய மென்பொருளையே மாற்றினாலும் நீங்கள் எழுதிய ஒப்படைப்புக் கருவியில் பெரும்பகுதி பிழைக்கும்.

டிஸ்பேஸில் ஸ்வோர்டின் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். புதிதாக நிறுவிய டிஸ்பேஸில் அது அணைந்திருக்கும். லோக்கல் டாட் சிஎஃப்ஜியில் அதை இயக்கும் வரியைச் சேர்த்து டாம்கேட்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் எக்ஸ்-பேக்கேஜிங் என்று தொடங்கும் தலைப்பு வரிகளைப் பார்த்தால் அது முதல் பதிப்புக்கு எழுதியது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் அந்த எக்ஸ் கிடையாது.

கருவிக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். நிர்வாகி கணக்கைக் கொடுக்கவே கூடாது. குறிப்பிட்ட தொகுப்பில் ஒப்படைக்கும் உரிமை மட்டும் அந்தக் கணக்குக்குப் போதும். இப்போது அந்தக் கணக்கின் பெயரோடு ஸ்வோர்டின் சேவை ஆவணத்தைக் கேட்டுப் பாருங்கள், கர்ல் கட்டளையிலேயே செய்யலாம். அந்தக் கணக்கு எந்தெந்தத் தொகுப்புகளில் ஒப்படைக்கலாம், எந்த வகைப் பொதிகள் ஏற்கப்படும் என்று ஒரு எக்ஸ்எம்எல் வரும். பட்டியல் வெறுமையாக வந்தால் உரிமை கொடுக்கவில்லை என்று பொருள். நிரல் எழுதத் தொடங்கும் முன் இந்த ஒரு சோதனை வெற்றி பெற வேண்டும்.

ஒப்படைப்பு மூன்று அடிகளில் நடக்கும். தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை ஒரு ஆட்டம் பதிவாக எழுதி, தொகுப்பின் முகவரிக்கு அனுப்புங்கள். அப்போது இன்-புராகிரஸ் என்ற தலைப்பு வரியில் ட்ரூ என்று சொல்லுங்கள். இன்னும் முடியவில்லை, காத்திரு என்று அதற்குப் பொருள். டிஸ்பேஸ் 201 என்ற எண்ணோடு ஒரு ரசீதைத் திருப்பி அனுப்பும். அந்த ரசீதில் கோப்பை எங்கே அனுப்ப வேண்டும், பதிவை எங்கே திருத்த வேண்டும் என்ற முகவரிகள் இருக்கும். இரண்டாவதாக, கோப்பை அந்த முகவரிக்கு அனுப்புங்கள். கோப்பின் எம்டி5 கணக்கையும் சேர்த்து அனுப்பினால் வழியில் கோப்பு சிதைந்ததா என்று டிஸ்பேஸ் சரிபார்க்கும். மூன்றாவதாக, இன்-புராகிரஸ் ஃபால்ஸ் என்று சொல்லி முடித்துவிடுங்கள். ஆவணம் சரிபார்ப்புக் குழுவின் முன் போய் நிற்கும்.

பிழை எண்களைப் பயந்து பார்க்க வேண்டியதில்லை, அவை காரணத்தைச் சொல்லிவிடும். 401 வந்தால் கணக்கோ கடவுச்சொல்லோ தவறு. 415 என்றால் பொதியின் வகையைத் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள். 412 பெரும்பாலும் எம்டி5 பொருந்தவில்லை என்பதற்கோ, வேறொருவர் சார்பாக ஒப்படைக்க அனுமதி இல்லை என்பதற்கோ வரும். 413 கோப்பின் அளவு வரம்பை மீறிவிட்டது என்பதற்கு. கோப்பு வரம்பைப் பார்க்கும்போது டிஸ்பேஸில் மட்டும் தேடாதீர்கள். முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸுக்கோ அப்பாச்சிக்கோ தனி வரம்பு உண்டு, எஞ்சின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி மட்டுமே.

இதை வைத்து மாணவர்களுக்கு ஒரு பக்க ஒப்படைப்புத் தளம் செய்யலாம். கல்லூரியின் சொந்த உள்நுழைவு, நான்கைந்து புலங்கள், கோப்பு இணைக்கும் பொத்தான், உறுதிமொழிக்கு ஒரு பெட்டி. பின்னால் சர்வரில் ஓடும் நிரல் ஸ்வோர்ட் வழியே அனுப்பும். ஆக்லாந்து பல்கலைக்கழக நூலகத்தில் உருவான ஈஸிடெபாசிட் என்ற கருவி இந்த எண்ணத்தை முன்பே செய்து காட்டியது. இன்று அதை அப்படியே எடுத்துப் போடுவதைவிட அதன் யோசனையை எடுத்துக்கொள்வது மேல். இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்வோர்ட் கடவுச்சொல் சர்வரிலேயே இருக்க வேண்டும், உலாவிக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒருபோதும் வரக்கூடாது. ஒவ்வொரு ரசீதையும் மாணவரின் பதிவெண்ணோடு சேர்த்துத் தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டும். ஒப்படைத்தேன், காணவில்லை என்று ஒருவர் வந்து நிற்கும்போது அந்த ரசீதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ரெஸ்ட் ஏபிஐ எப்போது?

ஸ்வோர்ட் முக்கியமாக ஒப்படைப்புக்கானது. தேடுவது, திருத்துவது, தொகுப்பு உருவாக்குவது, உரிமை மாற்றுவது என்று எல்லாம் வேண்டுமென்றால் ரெஸ்ட் ஏபிஐ. டிஸ்பேஸின் சொந்த முகப்பே இந்த ஏபிஐ வழியாகத்தான் பேசுகிறது, ஆகவே முகப்பில் செய்ய முடிந்ததை எல்லாம் நிரலாலும் செய்யலாம். சர்வர் முகவரியை உலாவியில் திறந்தால் ஹால் பிரவுசர் என்ற ஒரு பக்கம் வரும். சுட்டிகளைச் சொடுக்கிச் சொடுக்கியே ஏபிஐயைக் கற்றுக்கொள்ள அதைப் போல் உதவும் பாடப்புத்தகம் இல்லை.

புதியவர்கள் தடுமாறுவது உள்நுழைவில். கணக்கும் கடவுச்சொல்லும் அனுப்பினால் மட்டும் போதாது. முதலில் சர்வரிடம் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற ஒரு பாதுகாப்புக் குறியை வாங்க வேண்டும். அதைக் குக்கியாகவும் தலைப்பு வரியாகவும் சேர்த்து உள்நுழைவுக் கோரிக்கையை அனுப்ப வேண்டும். பதிலில், உள்நுழைந்ததற்கு அடையாளமாகப் பேரர் டோக்கன் வரும். கூடவே புதிய சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் வரலாம். வந்தால் பழையதை விட்டுப் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கோரிக்கை 403 என்று திரும்பிவரும். பேரர் டோக்கனின் இயல்பு ஆயுள் 30 நிமிடம், நீண்ட வேலைகளில் இடையிடையே புதுப்பிக்க நிரலில் வழி செய்யுங்கள்.

நிர்வாகி கணக்கால் ரெஸ்ட் வழியே நேராக ஒரு ஆவணத்தை உருவாக்கினால் அது சரிபார்ப்புக் குழுவைத் தாண்டிக் காட்சிக்குப் போய்விடும். வசதியாகத்தான் தெரியும். ஆனால் மெட்டாடேட்டா பிழைகள் கூட்டமாக நுழைவது இப்படித்தான். பணியிட ஆவணம், அதாவது இன்னும் ஒப்படைத்து முடிக்காத ஆவணம், ஒன்றை உருவாக்கி, கோப்பை ஏற்றி, விவரங்களையும் உரிம ஒப்புதலையும் சேர்த்து, பணிப்பாய்வுக்கு அனுப்பும் நீண்ட வழியையே பழகுங்கள்.

வெளியே தெரிவது

உள்ளே வருவதற்கு வாசல் வைத்தாயிற்று, இனி வெளியே. இங்கே முதன்மையானது ஓஏஐ-பிஎம்ஹெச். அதன் 2.0 பதிப்பு 2002இல் வந்தது, இன்றும் அதுதான் நடைமுறையில். மொத்தம் ஆறே கட்டளைகள். ஐடென்டிஃபை என்று கேட்டால் களஞ்சியம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும், லிஸ்ட்ரெக்கார்ட்ஸ் என்று கேட்டால் பதிவுகளைப் பக்கம் பக்கமாகக் கொடுக்கும். ஜெர்மனியில் பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் நடத்தும் பேஸ், பிரிட்டனின் கோர் போன்ற ஆய்வுத் தேடல் தளங்கள் இந்த வழியாகத்தான் உலகக் களஞ்சியங்களை அறுவடை செய்கின்றன.

டிஸ்பேஸில் இது தொடக்கத்திலிருந்தே இயங்கும். ஆனால் புதிதாக ஏற்றியவை உடனே அதில் தெரியாது. ஓஏஐக்கென்று தனிக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது, அதைப் புதுப்பிக்கும் கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் லினக்ஸின் கிரான் வழியாகத் தினமும் இரவில் ஓட்ட வேண்டும். அறுவடை பாதியில் நின்றுபோவதற்கு ஒரு வழக்கமான காரணம், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய சுருக்கத்தில் ஒளிந்திருக்கும் கட்டுப்பாட்டு எழுத்துகள். எக்ஸ்எம்எல் அவற்றை ஏற்காது. ஒரு ஆவணத்தின் சுருக்கத்தில் இருக்கும் ஒரு கெட்ட எழுத்தால் அந்தப் பக்கத்திலுள்ள எல்லாப் பதிவுகளும் போகாமல் நிற்கும்.

கூகுள் ஸ்காலர் ஓஏஐயைப் பார்ப்பதில்லை. அது பக்கத்தின் மூலத்தில் உள்ள சைட்டேஷன் குறிச்சொற்களைப் படிக்கிறது. டிஸ்பேஸ் அவற்றைத் தானே எழுதும். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. வெளியீட்டு ஆண்டுப் புலத்தில் ஏற்றிய ஆண்டு இல்லாமல் உண்மையில் வெளியான ஆண்டு இருக்க வேண்டும். பிடிஎஃப் தேடக்கூடிய எழுத்தோடு இருக்க வேண்டும். 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை ஸ்காலர் ஏற்பதில்லை, ஆகவே படமாக ஸ்கேன் செய்த பெரிய ஆய்வேடுகளைச் சுருக்கி, எழுத்துணரியும் ஓட்டி ஏற்றுங்கள். கடைசியாக, உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு உங்கள் ஆவணப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தலைப்பும் விவரங்களும் தெரிந்தால் சர்வர் பக்கத்திலேயே பக்கம் தயாராகிறது என்று பொருள். வெற்றுப் பக்கம் வந்தால் தேடுபொறியின் ரோபோக்களுக்கும் வெற்றுப் பக்கமே தெரியலாம்.

துறையின் இணையதளத்தில் புதிய வெளியீடுகளைக் காட்ட நிரல் எதுவும் வேண்டாம். டிஸ்பேஸின் ஓபன்சர்ச் முகவரிக்குத் தொகுப்பின் அடையாளத்தைக் கொடுத்தால் ஆர்எஸ்எஸ் ஓடையாகத் தரும். வேர்ட்பிரஸ் தளத்தில் ஆர்எஸ்எஸ் கட்டத்தைச் சேர்த்து அந்த முகவரியை ஒட்டினால் போதும். தன் துறையின் பக்கத்தில் தன் கட்டுரை தானாக வந்து நிற்பதைப் பார்த்த பேராசிரியர் அடுத்த கட்டுரையைத் தானே ஏற்றுவார். ஒப்படைப்பைக் கூட்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி இதுதான்.

ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட்டோடு இணைப்பு 7.3 பதிப்பிலிருந்து டிஸ்பேஸிலேயே இருக்கிறது. ஆர்கிட் எண்ணால் உள்நுழைவது இலவசப் பொது ஏபிஐயிலேயே முடியும். கட்டுரைகளைக் களஞ்சியத்திலிருந்து ஆசிரியரின் ஆர்கிட் பக்கத்துக்குத் தள்ள வேண்டுமென்றால் நிறுவன உறுப்பினர் கட்டணம் உண்டு. மற்ற வேலைகள் நிலைத்த பிறகு இதைத் தொடுங்கள்.

பராமரிப்பு

இத்தனை வாசல்களும் திறந்த பிறகு எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். எந்தக் கருவி எந்தக் கணக்கில் வருகிறது, எந்தக் கிரான் வேலை எப்போது ஓடுகிறது, மேப்ஃபைல்களும் ரசீதுகளும் எங்கே இருக்கின்றன என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். இதை அமைத்துக் கொடுத்த மாணவர் படிப்பு முடிந்து போன பிறகும் நூலகம் ஓட வேண்டும்.

டிஸ்பேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது சோதனை சர்வரில் முதலில் மாற்றி, நான்கை மட்டும் பாருங்கள். ஸ்வோர்டின் சேவை ஆவணம் வருகிறதா? ஒரு மாதிரி ஆய்வேடு ஒப்படைப்புப் பக்கத்திலிருந்து கிளம்பி, ரசீது பெற்று, சரிபார்ப்புக் குழுவின் முன் நிற்கிறதா? ஓஏஐ ஒரு முழுப் பக்கம் பதிவுகளைப் பிழையில்லாமல் தருகிறதா? துறைத் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடையில் தமிழ்த் தலைப்புகள் சரியாகத் தெரிகின்றனவா? நான்கில் ஒன்று தவறினாலும் அதைச் சரிசெய்யும்வரை உண்மையான சர்வரில் பழைய பதிப்பே ஓடட்டும்.